வேப்பமரத்தில் ஓடிய கடிகாரம்

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டோம். அதனால் உங்களிடம் வெட்கமில்லாமல் ஒன்று கேட்கிறேன். இல்லாத வீட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. ஒரு கோடை விடுமுறை முழுக்க, ஞாயிறு தவறாமல் போயிருக்கிறேன். சுவர் கிடையாது, கூரை கிடையாது, தரைகூட வெறும் மணல்தான். ஆனாலும் வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். மறந்துபோய், சுவர் வரவேண்டிய இடத்தில் கால் வைத்தால் முதுகில் ஒன்று விழும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் அப்பா, அம்மா, நான், தம்பி என்று நாலு பேர் குடியிருந்தோம். வீட்டுக்கார அம்மா முன்பக்கம் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆடி மாதம் தூக்கு நிறையக் கூழ் கொடுத்தனுப்புவார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மனம் இரங்கவே இரங்காது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

"சுண்ணாம்புச் செவுரும்மா இது. ஒரு ஆணி எறக்குனா ஒரு கூடை உதுரும். அப்பால யார் பூசறது?" என்பார்.

ஆகவே எங்கள் வீட்டில் தொங்கவேண்டியதெல்லாம் ஜன்னல் கம்பியில் தொங்கியது. காலண்டர், முகம் பார்க்கும் கண்ணாடி, அப்பாவின் சட்டை, குடை, முருகன் படம், எல்லாம். மழை வந்து ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றால் பாதிக் குடித்தனத்தை இடம் மாற்றவேண்டும்.

அந்த ஜன்னல் கம்பியால் தாங்க முடியாத பொருள் ஒன்று இருந்தது. அம்மாவின் கடிகாரம். தேக்குப் பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே பித்தளைப் பெண்டுலம். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா கேரம் ஆடுவாள். மத்தியானப் பொழுதைப் போக்குகிற ஆட்டம் அல்ல, ஊர் ஊராகப் போய்ப் போட்டியில் ஆடுகிற ஆட்டம். அப்படி ஜெயித்து வாங்கிய பரிசுதான் அந்தக் கடிகாரம். இந்த வகைக் கடிகாரத்துக்கு ஒரு குணம் உண்டு. நேராக, அசையாமல் மாட்டி வைத்தால்தான் ஓடும். மேஜைமேல் சாய்த்து வைத்தால் நாலு ஆட்டம் ஆடிவிட்டு நின்றுவிடும். ஆகவே கல்யாணமானதிலிருந்து அம்மாவின் கடிகாரம் ஓடவில்லை. பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. துடைப்பதற்காக அதை வெளியே எடுக்கும்போதெல்லாம் அம்மா ஒன்றைத்தான் சொல்வாள். "நமக்குன்னு ஒரு செவுரு வரட்டும்."

அந்தச் சுவருக்காகத்தான் அப்பா சங்கத்தில் சேர்ந்தார். மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் பக்கம் வாடகை வீட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்த குடும்பங்கள் சில சேர்ந்து வீட்டுமனைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை வைத்திருந்தன. திருவான்மியூரைத் தாண்டி, மகாபலிபுரம் ரோட்டில் வெகுதூரம் போய், சவுக்குத் தோப்புக்குள் மண்பாதையில் திரும்பினால் ஒரு கிராமம் வரும். அதன் வேர்க்கடலைக் கொல்லைகள் முடிகிற இடத்தில் சங்கத்தின் நிலம். நடுவில் ஒரு மண் ரோடு. ரோட்டுக்கு ஒரு பக்கம் சவுக்கு, மறுபக்கம் ஒரே வரிசையாக மனைகள். குலுக்கலில் எங்களுக்கு மூன்றாம் எண் விழுந்தது.

வரைபடத்தில், வரிசையின் ஒரு முனையில் சின்ன வட்டம் போட்டுக் கிணறு என்று எழுதியிருந்தது. கிணற்றை ஒட்டியது ஒன்றாம் எண், அடுத்தது இரண்டு, அப்படியே கடைசிவரை. சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், அடையாற்றுக்காரர். எல்லோருக்கும் அவர் செயலாளர் மாமா. முதல் நாள் எங்களை அழைத்துப் போனவர், ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் இருந்த கிணற்றடியில் நின்றார். கையில் சிவப்பு பெயிண்ட் டப்பா. அங்கிருந்து எண்ணிக்கொண்டே நடந்து ஒவ்வொரு எல்லைக் கல்லிலும் தன் கையாலேயே எண் எழுதினார். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, எழுத்து அத்தனை அழகு. நாங்கள் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி, காயாத பெயிண்டைத் தொட்டுப் பார்த்து விரலைச் சிவப்பாக்கிக்கொண்டோம்.

மூன்று என்று எழுதிய கல்லுக்குப் பக்கத்தில், ரோட்டோரமாக, மனையின் முன் மூலையில் ஒரு வேப்பமரம் நின்றது. அந்த வரிசைக்கே அது ஒன்றுதான் மரம். அம்மா அதன் அடியில் போய் நின்று மேலே பார்த்தாள். மற்ற குடும்பங்கள் எங்களைப் பார்த்த பார்வையில், தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தான்.

ஆள் நடமாட்டமில்லாத மனையை எவனாவது வேலி போட்டு வளைத்துவிடுவான் என்று அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஒரு பயம். செயலாளர் மாமா அதற்கு ஒரு சட்டம் போட்டார். "ஞாயித்துக்கிழமையானா எல்லாக் குடும்பமும் அவங்கவங்க மனையில போய் உக்காரணும். சாப்பாடு, விளையாட்டு, மத்தியானத் தூக்கம் எல்லாம் அங்கதான். ஊர்க்காரங்க பாக்கணும். பாத்தாத்தான் அது நம்ம எடம்."

அந்தச் சட்டம் எங்களுக்குத் திருவிழா ஆகிவிட்டது. சனிக்கிழமை ராத்திரியே தூக்கம் வராது. காலையில் அடையாறு பஸ் டிப்போவுக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு வேன்கள் நிற்கும். புளியோதரைத் தூக்கு, தயிர்சாதத் தூக்கு, ஸ்டவ், ஜமக்காளம், பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர், பேட், ஸ்டம்ப் என்று ஒவ்வொன்றாக ஏறும். டிரைவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

"இன்னா சார், பிக்னிக்கா, வீடு மாத்திக்கினு போறீங்களா? இன்னும் எத்தினி குடம் கீது?" என்பார்.

வேன் திருவான்மியூரைத் தாண்டியதும் காற்றின் வாசனை மாறும். உப்பும் சவுக்கு இலையும் கலந்த வாசனை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் காற்று உள்ளே புகுந்து பாட்டுபோல ஒரு சத்தம் வரும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அப்படிச் செய்ய, பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இன்றைக்கும் அந்த ரோட்டில் காரில் போகும்போது யாரும் பார்க்காத நேரத்தில் நான் வாயைத் திறந்து வைத்துப் பார்ப்பது உண்டு.

முதல் ஞாயிறு சும்மா ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். அடுத்த ஞாயிறு அம்மா ஒரு டப்பா நிறையக் கோலமாவு கொண்டுவந்தாள். மணலை நீர் தெளித்து அமுக்கி, கோலமாவால் வீடு போட ஆரம்பித்தாள். இது ஹால், இது சமையலறை, இது படுக்கை அறை, இது குளிக்கிற இடம். வாசலுக்குக் கோடு போடாமல் இடைவெளி விட்டாள். ஜன்னல்களுக்கு இரட்டைக் கோடு. ஹாலின் சுவர் வேப்பமரத்தை ஒட்டி வந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கேரம் பலகையில் சிவப்புக் காயைத் தானே குழியில் போட்டதுபோல இருந்தது.

அதற்கடுத்த வாரம் எல்லாப் பெண்களின் கையிலும் கோலமாவு. வரிசை முழுக்க வெள்ளை வீடுகள். வாரத்துக்குள் காற்று அழித்துவிடும், ஞாயிறு வந்ததும் மறுபடி போடுவார்கள். ஒவ்வொரு வாரமும் வீடு கொஞ்சம் பெரிதாகும், ஒரு அறை கூடும், யாரோ ஒருவருக்கு மாடிப்படி முளைக்கும். விருந்தாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் வழியாக வந்து ஹாலில் உட்காருவார்கள். "உள்ள வாங்க, சமையல் ரூமைப் பாருங்க" என்று கூட்டிப் போவார்கள். நாங்கள் பந்தை எடுக்க அடுத்தவர் வீட்டுக்குள் ஓடினால், "சுவரை இடிச்சிண்டு எங்கே போறே, வாசல் வழியா வா" என்று குரல் வரும்.

அந்தக் குரல் பெரும்பாலும் பேங்க் மாமியுடையது. அவர் கணவர் ஒரு வங்கியில் அதிகாரி. குடும்பம் பூர்விகமாக மயிலாப்பூர் என்றாலும், ஊர் ஊராக மாற்றலாகிச் சுற்றிவிட்டு அப்போதுதான் சென்னைக்குத் திரும்பியிருந்தார்கள். என் வயதில் ஒரு பெண் அவருக்கு. என்னுடைய கூட்டாளி. அவர்கள் மனை மறுகோடியில், கடைசியிலிருந்து மூன்றாவது. மரமுமில்லை, புதருமில்லை, வெயில் நேராகத் தலையில் இறங்கும். மாமி குடையைப் பிடித்துக்கொண்டே தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார்.

உச்சி வேளையில் அவர் எங்கள் மனைக்கு வருவது வழக்கம். "கொஞ்சம் உப்பு இருக்குமா?" என்பார். உப்பை வாங்கிக்கொண்டு உடனே போக மாட்டார். மரத்தடியில் நின்று அம்மாவின் கோலத்தைப் பார்ப்பார்.

"சமையலறைக்குக் கெழக்கே ஜன்னல் வெக்கலையே நீங்க. வெளிச்சம் எப்படி வரும்?"

"வெச்சுக்கலாம் மாமி."

அவர் போனபிறகு அம்மா பல்லைக் கடிப்பாள். "உப்புகூடவா கொண்டு வர மாட்டாங்க? குத்தம் கண்டுபிடிக்கவே வர்றது." எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கடிகாரம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். அது அம்மாவின் யோசனைதான். ஒரு சனிக்கிழமை மாலை கட்டிலுக்கு அடியிலிருந்து மூட்டையை இழுத்தாள். "மரம் நம்முதுதானே. மரத்துல ஆணி அடிச்சா யார் கேக்கப் போறாங்க?" என்றாள். அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பெண்டுலத்தைக் கழற்றாமல் எடுத்துப் போனால் உள்ளே கம்பி வளைந்துவிடும். ஆகவே அதைத் தனியே கழற்றித் துண்டில் சுற்றினாள். வேனில் பெட்டி அம்மாவின் மடியில், பெண்டுலம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த என் மடியில். தம்பியைத் தொடக்கூட விடவில்லை. குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல நான் அசையாமல் இருந்தேன். அன்றைக்கு வாயைத் திறந்து காற்றுப் பாட்டுப் பாடக்கூட இல்லை.

அம்மாவே ஆணியை அடித்தாள். நாலே அடி. பெட்டியை மாட்டி, பெண்டுலத்தைக் கொக்கியில் விட்டு, சாவி கொடுத்து, விரலால் தள்ளினாள். டிக் என்றது, வெகுநேரம் கழித்து டக் என்றது, நின்றுவிட்டது. மரம் லேசாகச் சாய்வு. அப்பா தென்னை மட்டையைச் சீவிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பக்கம் அண்டை கொடுத்தார். மறுபடி தள்ளினாள். டிக், டக். அப்பா காதை வைத்துக் கேட்டபடியே மட்டையை ஒரு நூலளவு தள்ளினார். டிக் டக் டிக் டக் என்று சீராக விழ ஆரம்பித்தது. யாரும் மூச்சு விடவில்லை. அது நிற்கவில்லை.

பன்னிரண்டு மணி ஆகப்போகிறது என்று தெரிந்ததும் வரிசை முழுக்க இருந்த குடும்பங்கள் மரத்தடிக்கு வந்துவிட்டன. கிரிக்கெட் ஆடினவர்கள் பேட்டோடு வந்தார்கள். பெரிய முள்ளும் சின்ன முள்ளும் சேர்ந்ததும் உள்ளே ஏதோ கரகரத்தது. பிறகு அடித்தது. வெட்டவெளியில், சவுக்குக் காற்றுக்கு நடுவே அந்த மணியோசை ஒவ்வொன்றாகப் போனது. பன்னிரண்டாவது அடித்து முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றாள்.

அன்றிலிருந்து, வாராவாரம் மடியில் வைத்துக் கொண்டுபோய்ச் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்த அந்தக் கடிகாரம்தான் ஞாயிற்றுக்கிழமைகளை நடத்தியது. மணி பன்னிரண்டு அடித்தால் சாப்பாடு. மூன்று அடித்தால் செயலாளர் மாமா ஸ்டூல்மேல் ஏறித் தம்போலா ஆரம்பிப்பார். அவர் எண்களைக் கூப்பிடுவது வகுப்பில் வாய்ப்பாடு சொல்வதுபோலவே இருக்கும். பரிசுகள் பிளாஸ்டிக் பக்கெட்டும் எவர்சில்வர் டிபன் பாக்ஸும். நான் ஒரு பக்கெட் ஜெயித்தேன். அந்த நீல பக்கெட் எப்போது, எங்கே போய்த் தொலைந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு. நாங்கள் ஐஸ்பாய் ஆடிக்கொண்டிருந்தோம். நானும் பேங்க் மாமியின் பெண்ணும் ஒளிய இடம் தேடி, கடைசி மனையையும் தாண்டிச் சீமைக் கருவேலம் புதருக்குள் நுழைந்தோம். ஆட்டுக்குட்டி போகிற அளவுக்கு ஒரு சந்து. தவழ்ந்து போனோம். முள் பாவாடையைக் கிழித்தது. திடீரென்று முன்னால் படபடவென்று புறாக்கள் கிளம்பின. பார்த்தால், தரையோடு தரையாக ஒரு செங்கல் வட்டம். எட்டிப் பார்த்தோம். ஆழத்தில் கொஞ்சம் தண்ணீர், அதில் எங்கள் இரண்டு தலைகள். விளிம்புக் கல்லில் கயிறு உராய்ந்த பள்ளங்கள்.

"புதையல் கெணறு" என்றாள் அவள்.

ஆட்டத்தை மறந்து கத்திக்கொண்டே ஓடினோம். முதலில் செயலாளர் மாமாதான் எதிரே வந்தார். மூச்சு வாங்கச் சொன்னோம். "ஏதாவது குழியா இருக்கும். முள்ளுல போய் விழாதீங்க" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். நான் அம்மாவிடம் ஓடினேன். அவள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் விரலிலிருந்து மாவு ஒரே இடத்தில் விழுந்து குவிந்தது.

"எந்தப் பக்கம்? அந்தக் கோடியிலயா?"

"ஆமாம்மா. செங்கல் கட்டுனது. ரொம்பப் பழசு."

அம்மா எழுந்தாள். நேராகப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து ரோட்டின் ஆரம்பத்தில் இருந்த கிணற்றையும் போய்ப் பார்த்தாள். பிறகு அப்பாவையும் செயலாளர் மாமாவையும் மரத்தடிக்குக் கூப்பிட்டாள். நான் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"சார், வரைபடம் எந்தக் காலத்துது?"

"அது ரொம்பப் பழசும்மா. நிலம் கைமாறும்போதே கூட வந்தது."

"நாம எண்ண ஆரம்பிச்ச கிணத்துல சிமெண்ட் உறை புத்தம்புதுசா இருக்கு. கடலைக் கொல்லைக்காரங்க இப்பத்தான் தோண்டியிருக்காங்க. வரைபடத்துல இருக்கற கிணறு அதில்ல சார். அந்தக் கோடியில, முள்ளுக்குள்ள இருக்கு. நாம தலைகீழா எண்ணிட்டோம்."

செயலாளர் மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கணக்கு சொல்லிக்கொடுத்த மனிதர், எந்த முனையிலிருந்து எண்ணுவது என்பதில் தவறிவிட்டார். ஒன்று என்று எழுதியது கடைசி மனை. கடைசி என்று எழுதியதுதான் ஒன்று. இந்தக் கோடியிலிருந்து மூன்றாவதாக இருந்த நாங்கள், அந்தக் கோடியிலிருந்து மூன்றாவதற்குப் போக வேண்டும். அதாவது பேங்க் மாமி இருந்த இடம் எங்களுடையது. வேப்பமரம் நின்ற இடம் அவருடையது.

"யாருக்கும் தெரியாதும்மா" என்றார் செயலாளர் மாமா மெல்ல. "அப்படியே விட்டுடலாமே. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க."

அப்பாவும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மரம் நம்ம பக்கம் இருக்கு. நீ எதுக்குப் போய் வாயைத் திறக்கணும்?"

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அது பாட்டுக்கு டிக் டக் என்று ஓடிக்கொண்டிருந்தது. "நாளைக்கு எல்லாரும் கடன உடன வாங்கி வீடு கட்டி முடிச்சப்புறம் இது தெரிஞ்சா? அடுத்தவங்க எடத்துல கட்டின செவுத்துல நான் இதை மாட்டிட்டு, இந்தச் சத்தத்தைத் தினம் கேட்டுட்டு உக்கார முடியாதுங்க" என்றாள்.

மணி மூன்று அடித்தது. தம்போலாவுக்கு எல்லோரும் சீட்டும் பென்சிலுமாகக் கூடினார்கள். அம்மா ஸ்டூலில் ஏறினாள். நான்கு வரியில் சொல்லி முடித்துவிட்டு இறங்கினாள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வரிசையின் நட்டநடுவில் இருந்த மனைக்காரர் மட்டும், "எப்படி எண்ணினாலும் எனக்கு அதே எடம்தான். நான் தூங்கப் போறேன்" என்று சொல்ல, கோபமாக இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பேங்க் மாமி சிரிக்கவில்லை. ஒன்றும் பேசவுமில்லை. எழுந்து போய் வேப்பமரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு வயிறு எரிந்தது. மரம் கிடைத்த சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன். மனதுக்குள் அவரை வாய் ஓயாமல் திட்டினேன்.

அடுத்த ஞாயிறு எல்லாக் குடும்பமும் வீடு மாற்றியது. நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஜமக்காளத்தைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, ஸ்டவ்வையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு, பாதிப் பேர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், மீதிப் பேர் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குமாக ஒரே ரோட்டில் எதிரும் புதிருமாகப் போனார்கள். வழியில் நின்று, "உங்க பழைய வீடு காத்தோட்டமா இருக்குமா?" என்று விசாரித்துக்கொண்டார்கள். யாரோ ஒரு மாமி பால் காய்ச்ச வேண்டும் என்று சொல்ல, வரிசை முழுக்க ஸ்டவ் பற்ற வைத்துப் பால் பொங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் பால் குடித்தே எங்களுக்கு வயிறு நிறைந்தது. செயலாளர் மாமா பெயிண்ட் டப்பாவோடு வந்து பழைய எண்களை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். இந்தத் தடவை நாங்கள் பிள்ளைகளும் கூடவே உரக்க எண்ணினோம், ஒரு காவலுக்கு.

எங்கள் புது மனையில் மணலும் வெயிலும் மட்டும்தான். அம்மா வீடு போட்டாள், ஆனால் அவசர அவசரமாகப் போட்டாள். ஹாலுக்கு ஜன்னல் வைக்கவே மறந்துவிட்டாள். கடிகாரம் வரவில்லை. மந்தைவெளியில், கட்டிலுக்கு அடியில், மறுபடி போர்வைக்குள் போய்விட்டது. பன்னிரண்டு மணி அடிக்காததால் அன்று சாப்பாடு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்கு ஒரு நேரத்தில் சாப்பிட்டார்கள். மரத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"கடிகாரம் எங்கே?" என்று பேங்க் மாமி கேட்டார்.

"மறந்துட்டேன் மாமி" என்றாள் அம்மா. அவ்வளவு தூரம் பொய் சொல்லத் தெரியாத முகம் அவளுக்கு.

அதற்கும் அடுத்த வாரம் மாமியின் பெண் ஓடி வந்தாள். "எங்கம்மா உங்களைக் கூப்பிடறா. ஆத்துக்கு வரணுமாம்." அம்மாவுக்குப் போக மனமில்லை. போகாமலிருந்தால் நன்றாக இருக்காது என்று போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

மாமி கையெல்லாம் கோலமாவாக நின்றுகொண்டிருந்தார். "வாங்கோ. எங்காத்துச் சுவர் சரியா வந்திருக்கான்னு பாத்துச் சொல்லுங்கோ. கோலத்துல நீங்கதான் கெட்டிக்காரி."

அம்மா பார்த்தாள். எல்லைக் கல்லிலிருந்து ரோட்டோரமாக நேராக வந்த வெள்ளைக் கோடு, வேப்பமரத்துக்கு முன்னால் சட்டென்று உள்ளே திரும்பி, மரத்துக்குப் பின்னால் வளைந்து போய்ப் பக்கத்து எல்லையைத் தொட்டிருந்தது.

"கோடு தப்பா வந்திருக்கு மாமி. மூலை போயிடுச்சு. மரம் வெளியில நிக்குது."

"தப்பில்ல. மரம் எங்காத்துல இல்ல, தெருவுல இருக்கு. தெருவுல இருக்கற மரத்துல யார் வேணும்னாலும் கடிகாரம் மாட்டலாம்."

அம்மா மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "இந்த வரிசைக்கே இது ஒண்ணுதான் மாமி நிழல்" என்றாள்.

"நிழல் உள்ள பக்கமும் விழறது. நான் உள்ள உக்காந்துக்கறேன்." மாமி கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து மூணு வருஷத்துக்கு ஒரு ஊர் மாத்திண்டிருக்கேன். ஒரு மரம் பூத்துக் காய்க்கறதை ஒரே எடத்துல இருந்து பாத்ததில்ல. உப்பு கேக்கற சாக்குல வாரா வாரம் இதுக்குக் கீழதான் வந்து நின்னேன். நீங்க ஒரு நாள்கூட ஏன் வரேள்னு கேக்கல."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வீட்டில் நாங்கள் இருவரும் அவரைப் பற்றிப் பேசியதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது.

"இது கோலமாவு மாமி. நாளைக்கு நிஜமா கட்டும்போது யாராவது மூலையை விடுவாங்களா?" என்றாள் அம்மா.

"நான் விடுவேன். பாருங்கோ."

விட்டார். வருஷங்கள் கழித்து, நிஜக் கல்லும் சிமெண்டும் வந்தபோது, மாமியின் காம்பவுண்டுச் சுவர் ரோட்டோரமாக நேராக வந்து, மரத்துக்கு முன்னால் உள்ளே வளைந்தது. கொத்தனார், பேங்க் மாமா, சொந்தக்காரர்கள் எல்லோரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். இப்போது அது கிராமமுமில்லை, சவுக்குமில்லை. ஆட்டோக்காரர்களிடம் "வளைஞ்ச செவுரு" என்றால் கொண்டுவந்து விடுவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் வாஸ்துவுக்காக அப்படிக் கட்டியிருக்கிறது என்று நினைக்கிறார்கள். அம்மாவின் கடிகாரம் எங்கள் ஹாலில், எங்கள் சுவரில், எங்கள் ஆணியில் ஓடுகிறது. மரத்தில் அடித்த ஆணியைப் பட்டை மூடிவிட்டது. இடம் தெரிந்த எனக்கே தடவிப் பார்த்தால்தான் தட்டுப்படும்.

ஆனால் எனக்கு அந்தக் கோடை என்றால் நினைவுக்கு வருவது சுவர் அல்ல. மாமி கோட்டை வளைத்துப் போட்டதற்கு அடுத்த ஞாயிறு. அடையாற்றில் வேன் நிற்கிறது. அம்மா கடிகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து சீட் என்னுடையது, பெண்டுலம் என் மடிக்கு உரியது. நான் ஏறுவதற்குள் பேங்க் மாமி அங்கே உட்கார்ந்திருந்தார்.

"நீ பின்னாடி போய் வாயைத் திறந்துண்டு காத்து வாங்கு, போ" என்றார் என்னிடம். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டினார்.

அம்மா துண்டில் சுற்றிய பெண்டுலத்தை எடுத்து மாமியின் மடியில் வைத்தாள். திருவான்மியூர் தாண்டி, சவுக்குத் தோப்பு தாண்டி, வேன் மண்பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய் நிற்கும்வரை மாமி அசையவே இல்லை.